குழந்தையின் முதல் ஆண்டு: யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிசு மரணமும் சமூகக் காரணிகளும்

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் எத்தனை குழந்தைகள் தமது முதலாவது பிறந்த நாளைக் காணாமல் இறந்துவிடுகின்றன? இந்த எண்ணையே சிசு மரண வீதம் என்கின்றோம். கணக்கு மிக எளிது. ஆனால் ஓர் ஊரின் குடிநீர், பாதை, வைத்தியசாலை, பெண்கள் பாடசாலை, வீட்டுக்குள் யாருடைய சொல் எடுபடுகின்றது என்பன யாவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. வளர்ந்த மனிதர் பல மாதப் பஞ்சத்தைத் தாங்கி நிற்பார். இரண்டு மாதக் குழந்தை இரண்டு நாள் வயிற்றோட்டத்தைக்கூடத் தாங்காது. ஆகையினால்தான் ஒரு சமூகத்தில் எங்கே ஓட்டை இருக்கின்றது என்பதை வேறெவரையும் விட முன்னதாக அதன் சிசுக்கள் காட்டிவிடுகின்றன.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டு முதல் சட்டப்படி நடைபெற்று வருவதால் இந்த எண்ணை நாம் நெடுங்காலம் பின்னோக்கிப் பார்க்க முடிகின்றது. மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கிய 1935இல் சிசு மரண வீதம் 263. அதாவது பிறந்த குழந்தைகளுள் நான்கில் ஒன்றுக்கும் மேல் ஒரு வயதைக் காணவில்லை. 1946இல் அது 141 ஆகவும், மறு ஆண்டிலேயே 101 ஆகவும் இறங்கியது. 1960இல் 57, 1980இல் 34, இன்று பத்துக்கும் கீழே. இந்தியாவில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வீதம் 28. அதே நாட்டுக்குள் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாட்டுக்குள் இத்தனை வேற்றுமை இருக்குமாயின், விடயம் பணத்தில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

இலங்கைக்குள்ளும் இத்தகைய வேற்றுமை இருந்தது. போருக்கு முந்திய காலத்தில் சிசு மரணம் மிகக் குறைந்த மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்று. ஆறில்லாத, மழை குறைந்த, சுண்ணாம்புக்கல் மண் இது. கைத்தொழில்களும் அதிகமில்லை. அதே காலத்தில், நாட்டுக்கு அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த மலையகத் தேயிலைத் தோட்டங்களில், 1974ஆம் ஆண்டின் உணவுத் தட்டுப்பாட்டின்போது சிசு மரண வீதம் நூற்றைத் தாண்டி நின்றது. இரு இடங்களிலும் வாழ்ந்தோர் தமிழ் பேசும் மக்களே. ஆட்சியும் ஒன்றே, தடுப்பூசியும் ஒன்றே. வேறுபட்டவை எவை? லயன் அறைகள், 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை, ஐந்தாம் வகுப்போடு நின்றுபோகும் தோட்டப் பள்ளிக்கூடம், கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் சம்பளம் இல்லை என்ற நிலை. சமூகக் காரணி என்று நூல்கள் கூறுவது இவற்றைத்தான்.

சிசு மரணத்தை வைத்தியர்கள் இரண்டாகப் பிரிப்பர். பிறந்து 28 நாட்களுக்குள் நிகழும் மரணம் ஒன்று. அதன் பின் ஒரு வயது வரை நிகழ்வது மற்றொன்று. இந்தப் பிரிவினை காரணமில்லாமல் செய்யப்பட்டதன்று. முதல் 28 நாட்களில் குழந்தை இறந்தால் தாயின் கர்ப்ப காலத்தையும் பிரசவத்தையும் பார்க்கவேண்டும். அதன் பின்னர் இறந்தால் வீட்டையும் கிணற்றையும் பார்க்கவேண்டும்.

முன்னாளில் முதல் மாதத்தில் குழந்தைகளைக் கொன்ற நோய்களுள் ஏற்புவலி கொடியது. பிறந்து மூன்று நான்கு நாட்கள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, திடீரென்று வாய் திறக்க முடியாமல் போகும். தாடை இறுகும், உடல் வில்லாக வளையும். ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். பேய் அடித்தது என்றும் கிரக தோஷம் என்றும் சனங்கள் சொன்னார்கள். உண்மைக் காரணம் தொப்புள்கொடியில் இருந்தது. அதை அறுத்த கத்தியிலோ, கட்டிய நூலிலோ, புண் காய்வதற்கென்று வைத்த சாம்பலிலோ சாணத்திலோ கிருமி இருந்தது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கொதிநீரில் அவித்த கத்தி, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை, கர்ப்பிணித் தாய்க்கு ஏற்பூசி. இவ்வளவுதான். ஆயினும் இந்த மூன்றும் ஒரு குடிசைக்குள் போய்ச் சேர்வதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. தெரிந்த ஒருவர் அந்தக் குடிசை வாசலுக்குப் போகவேண்டும். உள்ளே இருப்பவர்கள் அவரை நம்பவேண்டும். தாமதத்துக்கு இதுவே காரணம்.

யாழ்ப்பாணத்தில் அந்த நம்பிக்கை உருவான கதை சுவையானது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். நோயாளரைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று துணிந்தார். கலைச்சொற்களைத் தேடினார், புதிதாய் ஆக்கினார், மாணவர்களுடன் சேர்ந்து நூல்களை மொழிபெயர்த்தார். 1857இல் 'பிரசவ வைத்தியம்' தமிழில் வெளிவந்தது. தமிழில் அறிவியல் கற்பிக்க முடியுமா என்று இன்றும் கேட்போர் இருக்கின்றனர். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு வெள்ளைக்காரர் பிள்ளைப்பேற்றையே தமிழில் கற்பித்தார் என்பதை அவர்களுக்குச் சொல்லிவைக்கலாம்.

ஆனால் கிறீனின் மாணவர்கள் ஆண்கள். பிரசவ வேதனையில் கிடக்கும் பெண்ணிருக்கும் அறைக்குள் எந்த யாழ்ப்பாணத்து வீடு ஓர் ஆணை விட்டிருக்கும்? சைவர் வீடாயினும் சரி, சோனகத் தெருவில் உள்ள முஸ்லிம் வீடாயினும் சரி, விடை ஒன்றுதான். எனவே நூல் இருந்தும் அது பெண்களைச் சென்றடையவில்லை. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டதும், இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் பணியாற்றியதும் இந்த இடைவெளியை நிரப்பின. பெண் வைத்தியர் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மாட்டுவண்டியில் தூர ஊர்களிலிருந்தும் கர்ப்பிணிகளை ஏற்றிவர வீட்டார் சம்மதித்தனர். பெண்கள் மருத்துவம் படிப்பதை ஒரு கௌரவமாக மட்டும் இன்று நாம் எண்ணுகின்றோம். அன்று அது உயிர் சம்பந்தப்பட்ட காரியமாக இருந்தது.

பின்னர் அரசாங்கமும் இவ்வழியிலேயே வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டு, அம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவியது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சி ஒருவர் தமக்கென வகுக்கப்பட்ட ஊருக்குள் வசித்து, வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளைப் பதிந்து, பிறந்த குழந்தையைப் பார்க்கவேண்டும் என்பதே அம்முறை. இன்று அவரைக் குடும்ப நல உத்தியோகத்தர் என்கின்றோம். இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் பேர் வரை ஒருவரது பொறுப்பில் இருப்பர். வெள்ளைச் சேலையும் கையில் குடையும் பையுமாகப் படலையைத் திறந்துகொண்டு வரும் அவரை எமது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை நிறுக்கும் நாளில் தாய்மாரைப் பெயர் சொல்லி அழைத்து, "போன மாதம் ஏன் வரவில்லை?" என்று உரிமையோடு ஏசுபவர் அவர். பெரிய வைத்தியசாலைகளுக்குக் கிடைக்கும் புகழில் சிறு பங்கும் இவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இலங்கையின் சிசு மரணக் குறைவை ஆராயும் எவரும் முதலில் இவரிடந்தான் வந்து நிற்கின்றனர்.

அடுத்த காரணி தாயின் கல்வி. 1986இல் அவுஸ்திரேலியக் குடித்தொகை ஆய்வாளர் ஜோன் கால்ட்வெல், வறிய நாடுகளாயிருந்தும் மரணத்தைக் குறைத்த இலங்கை, கேரளம், கொஸ்ரா றிக்கா ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதினார். மூன்றிலும் அவர் கண்ட பொது அம்சங்களுள் முதன்மையானது பெண் கல்வியும் பெண்ணுக்கு இருந்த சுயாதீனமுமாகும். இதைச் சொன்னவுடன் நாம் ஒரு தவறான முடிவுக்கு வரக்கூடாது. எட்டாம் வகுப்பு விஞ்ஞான நூலில் குழந்தை வளர்ப்புப் பற்றி எழுதியிருப்பதால் படித்த தாயின் குழந்தை பிழைப்பதில்லை. பள்ளிக்கூடம் போன பெண்ணுக்கு வெளியுலகம் பயமாகத் தெரிவதில்லை, அதுவே காரணம். அவள் பஸ் ஏறுவாள். வைத்தியசாலையில் துண்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பாள். "நேற்றைக்குக் குடுத்த மருந்துக்குக் காய்ச்சல் விடேல்லை" என்று வைத்தியருக்கு நேரே சொல்வாள். குழந்தை இரவில் மூச்சுத் திணறினால் கணவன் கடையடைத்து வரும்வரை காத்திருக்கமாட்டாள். நிமோனியா கண்ட சிசுவுக்கு அந்த நான்கைந்து மணித்தியாலமே வாழ்வும் சாவும்.

யாழ்ப்பாணத்தில் இவ்விடயம் பிற இடங்களுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. உடுவில் பெண்கள் பாடசாலை 1824இல் ஆரம்பமானது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் அது ஒன்று. மிஷனுக்குப் போட்டியாகச் சைவர்களும் பெண்களுக்குப் பாடசாலை கட்டினர். மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913இல் எழுந்தது. இந்தப் போட்டியினால் நன்மையடைந்தவை குழந்தைகளே என்பதை அக்காலத்தில் இரு தரப்பாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். எமது முஸ்லிம் பெண்கள் இவ்வோட்டத்தில் பிந்தியே சேர்ந்தனர். 1945இல் வந்த இலவசக் கல்வியும், ஊருக்குள்ளேயே முஸ்லிம் பெண்களுக்கெனப் பாடசாலை அமைந்ததுமே பல வாப்பாமாரின் மனத்தை மாற்றின.

இவ்விடத்தில் பலரும் கவனியாத ஒன்றைச் சொல்லவேண்டும். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு, யாழ்ப்பாணத்தில் வீடும் காணியும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்குப் போவது தெரிந்திருக்கும். மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே பெரும்பாலும் வழக்கம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உறுதியாக உண்டு. எனவே முதற்பிள்ளை பெற்ற இளந்தாயின் பக்கத்தில் இருப்பவர் அவளது சொந்தத் தாய். வட இந்தியாவின் பல பகுதிகளில் நிலைமை வேறு. அங்கே பதினெட்டு வயது மருமகள் மாமியாரிடமும் மூத்த ஓரகத்தியிடமும் அனுமதி பெறாமல் படலையைத் தாண்டமுடியாது. சீதனத்தை ஆதரித்து நாம் எழுதவில்லை; அதனால் எத்தனை குமர்ப் பிள்ளைகள் வீட்டோடு முடங்கினர் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் "பிள்ளைக்குச் சுகமில்லை, ஆசுப்பத்திரிக்குப் போவம்" என்று மகள் சொன்னவுடன் புறப்படும் தாய் ஒருத்தி வீட்டில் இருப்பது எத்தனை சிசுக்களைக் காத்தது என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நாவூறு கழித்தல், தண்ணீர் ஓதிக் கொடுத்தல், செவ்வாப்புக்கு மருந்து தடவுதல் ஆகியவற்றை மூடநம்பிக்கை என்று ஏசும் கட்டுரைகள் பல வந்துள்ளன. அவற்றால் எவரும் திருந்தியதாகத் தெரியவில்லை. ஓதிய தண்ணீரைத் தெளித்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகும் தாயினால் குழந்தைக்கு ஒரு கேடும் இல்லை. ஓதிவிட்டு, மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்பதில்தான் ஆபத்து. தாய் மரணம் பற்றி 1994இல் எழுதிய தடேயஸ், மெயின் ஆகிய இரு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைக் குறிப்பிட்டனர். வைத்தியம் தேடுவதென்று முடிவெடுப்பதில் தாமதம், அங்கு போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். சிசுவுக்கும் இது அப்படியே பொருந்தும். வலிகாமத்தில் முதலாவது தாமதம் மட்டுமே பெரிது. எந்த ஊரிலிருந்தும் ஏதோ ஒரு வைத்தியசாலை சில மைல்களில் இருக்கின்றது. மூளாயில் 1930களில் மக்களே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை அமைத்துக்கொண்டதை இங்கு நினைக்கலாம். நெடுந்தீவில் இரண்டாவது தாமதம் பெரிது. கடல் கொந்தளிக்கும் காலத்தில் குறிகட்டுவானுக்குப் படகு ஓடாவிட்டால் எவ்வளவு படித்த தாயும் கரையில் நின்று அழவேண்டியதுதான்.

இனிக் கிணற்றுக்கு வருவோம்.

குடாநாட்டில் ஆறில்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் எல்லாம் கிணற்று நீர். அப்படிப்பட்ட ஊரில், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியார் கிணற்றில் அள்ளக்கூடாது என்ற வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்தது. யாரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் தூர நின்று காத்திருக்கவேண்டும். இல்லையேல் குளத்து நீர், குட்டை நீர். கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார். அந்நாவல் சாதிக் கொடுமை பற்றியது என்று இலக்கிய வகுப்பில் படிக்கின்றோம். அது வயிற்றோட்டம் பற்றியதும்தான். கைகழுவ நீரில்லாத வீட்டில், குழந்தையின் துணியை அலச நீரில்லாத வீட்டில், கொள்ளிக்கு வழியில்லாமல் கொதிக்க வைக்காத நீரைப் பருக்கும் வீட்டில் சிசு எப்படிப் பிழைக்கும்? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய ஒதுக்கலைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த மறுநாளே கிணறுகள் திறந்துவிடவில்லை. அதற்குப் போராட்டங்கள் தேவைப்பட்டன. யாழ்ப்பாணத்தின் சராசரி எண் நன்றாகவே இருந்தது. ஆனால் சராசரி என்பது இரண்டு கிணறுகளின் நீரையும் ஒரு வாளியில் கலந்து காட்டுவது.

இன்றைய கிணற்றில் வேறொரு பிரச்சினை உண்டு. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவும், நெருக்கமான வளவுகளில் உள்ள மலகூடக் குழிகளின் கழிவும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரில் கலக்கின்றன. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நமக்கு அந்நீர் உடனே எதுவும் செய்யாது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கக்கூடும். நீலக் குழந்தை நோய் என்பது இதுவே. இந்நீரைக் கொதிக்க வைத்தால் பயனில்லை. கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கொதித்தாறிய நீர் எதற்கும் பாதுகாப்பு என்று வளர்ந்த நமக்கு இது வியப்பாகவே இருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை.

தாய்ப்பாலிலும் சமூகம் தலையிட்டே வந்திருக்கிறது. பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சீனித் தண்ணீர் பருக்கிய வழக்கம் பல வீடுகளில் இருந்தது. நோயெதிர்ப்புச் சக்தி நிறைந்த பாலைக் கொட்டிவிட்டு, நோய் தரக்கூடிய நீரைக் கொடுத்தார்கள். பின்னர் பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் நாகரிகத்தின் அடையாளமாயின. கொழுகொழுக் குழந்தையின் படம் ஒட்டிய டின் வாங்கக் காசில்லாத தாய், இருந்த மாவில் தண்ணீரைக் கூட்டிக் கரைத்தாள். இவ்வகை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவே 1981இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு விதிக்கோவையை வெளியிட்டது. திருக்குர்ஆன் பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் கூறியிருப்பது நாம் எல்லோரும் ஓதியறிந்ததே. எமது வீடுகளில் நடைபெறும் தஹ்னீக் பற்றியும் ஒரு சொல்: அது பேரீச்சம்பழத்தை மென்று விரல் நுனியளவு தடவுவதோடு முடிவது. சில வீடுகளில் அதற்குத் தேனைப் பயன்படுத்துகின்றனர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பதை வைத்தியர்கள் தடுக்கின்றனர். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சாகும்.

குழந்தை வளர்ப்பைக் கதையாகவும் கடிதமாகவும் தமிழில் எழுதியவர் ஒருவர் நமது யாழ்ப்பாணத்தில் இருந்தார். 'மலைக்கொழுந்து' நாவலின் ஆசிரியர் நந்திதான் அவர். இயற்பெயர் சிவஞானசுந்தரம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராயிருந்தவர். 'அருமைத் தங்கைக்கு', 'நந்தினி உன் குழந்தை' ஆகிய நூல்கள் அவருடையவை. எமது நூலகங்களில் நாவலை எடுப்போர் இவற்றைத் தொடுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஒரு நூற்றாண்டாய்க் கட்டியவற்றைப் போர் சில ஆண்டுகளில் அசைத்துவிட்டது. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளும் மருந்தும் சவர்க்காரமும்கூடக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஏற்புவலியைத் தடுத்த கொதிநீரையும் சவர்க்காரத்தையும் மேலே குறிப்பிட்டோம். அந்தச் சவர்க்காரமே தட்டுப்பாடானது. தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைக்க வழி தேடவேண்டியதாயிற்று. குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் கருவிக்கு ஜெனரேற்றரும், ஜெனரேற்றருக்கு டீசலும் தேவைப்பட்டன.

அதே 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கொடுக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். வட மாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். அவர்களுள் கர்ப்பிணிகள் இருந்தனர், நாற்பது கழியாத தாய்மார் இருந்தனர், கைக்குழந்தைகள் இருந்தன. பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினர். கற்பிட்டிப் பக்கத்து மணலில் சில அடி தோண்டினால் நீர் வரும். சில அடி தள்ளி மலகூடக் குழி. யாழ்ப்பாணத்தில் தம்மைப் பெயர் சொல்லி அழைத்த மருத்துவிச்சி அங்கே இல்லை. பிறப்புச் சாட்சிப்பத்திரமும் கிளினிக் அட்டையும் விட்டுவந்த வீட்டின் அலுமாரிக்குள் கிடந்தன. பாடசாலை போன பெண்பிள்ளைகள் பலர் முகாமில் படிப்பை நிறுத்தி இளவயதிலேயே மணமுடித்து வைக்கப்பட்டனர். ஒரு வெளியேற்றம் அந்த இரண்டு மணித்தியாலத்தோடு முடிவதில்லை; பதினைந்து வருடம் கழித்து அந்தப் பெண்பிள்ளை பெறும் குழந்தையின் நிறையிலும் அது தெரிகின்றது.

ஐந்தாண்டு கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். பல இலட்சம் பேர் ஒரே பாதையில். அவ்வழியில் பிறந்த குழந்தைகளும் உண்டு. போர்க்கால வடக்கின் சிசு மரண எண்களைப் பார்ப்போர் நிதானமாகப் பார்க்கவேண்டும். பிறப்பைப் பதியும் கந்தோரே இடம்பெயர்ந்திருக்கும்போது, பதியப்படாமல் பிறந்து பதியப்படாமல் புதைக்கப்பட்ட குழந்தை எந்த அட்டவணையிலும் வராது.

இப்போது நிலைமை பெரிதும் மாறியுள்ளது. இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி எல்லா வீடுகளுக்கும் தெரிந்த பெயர். ஏற்புவலியால் சிசு இறப்பதைக் காண்பதற்கில்லை. இன்று இறக்கும் சிசுக்களுள் பெரும்பாலானவை முதல் 28 நாட்களில் இறக்கின்றன. குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைபாடுகளுமே முக்கிய காரணங்கள். இவை வைத்தியம் மட்டும் சம்பந்தப்பட்டவை போலத் தோன்றும். அப்படியல்ல. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மச்சான் மச்சாள் கல்யாணம் வழக்கத்தில் உள்ளது. பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளிடம் காணப்படும் பிறவிக் குறைபாடு, இவ்வகை மணங்களில் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. பெரும்பாலான குழந்தைகள் சுகமாகவே பிறக்கின்றன என்பதும் இதே கணக்கில் உள்ளது. ஆகவே பயப்படுத்த வேண்டியதில்லை. முன்னர் குடும்பத்தில் இவ்வாறு குழந்தை இறந்திருந்தால் மணத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காக அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

தாயின் வயதும் அப்படியே. பதினாறு வயதுப் பெண்ணின் உடல் தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றது. உண்ணும் உணவுக்குத் தாயும் சிசுவும் போட்டியிடுகின்றனர். நிறை குறைந்தும் மாதம் குறைந்தும் பிறக்கும் குழந்தைகள் இளந்தாய்மாருக்கே கூடுதல். நாட்டின் பொதுச் சட்டம் 1995இல் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் எழுதப்பட்டபோது அவ்வாறான வயதெல்லை அதில் வைக்கப்படவில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்பதே அதிலிருந்த வரம்பு. இதுபற்றிய வாதங்களில் மார்க்கமும் அரசியலும் பேசப்படுகின்றன. சிசு மரண அட்டவணையை ஒருவரும் மேசையில் வைத்ததாகக் காணோம். அந்த அட்டவணையும் வைக்கப்படவேண்டும் என்றே நாம் கேட்கின்றோம்.

ஒரு சிசு இறந்தால் இன்று அது விசாரிக்கப்படவேண்டிய மரணம். துக்க வீட்டுச் சனம் கலைந்த சில நாட்களில் குடும்ப நல உத்தியோகத்தர் வருவார். தாயின் பக்கத்தில் பாயில் இருந்து மெதுவாகக் கேட்பார். கர்ப்பம் பதிந்தது எத்தனையாம் கிழமையில்? இரும்புச்சத்துக் குளிசை போட்டீர்களா? தாய்க்கும் தகப்பனுக்கும் இரத்த உறவு உண்டா? குடிநீர் எந்தக் கிணறு? முதலில் சுகமில்லை என்று கண்டது யார், எத்தனை மணிக்கு? வைத்தியசாலைக்குப் போவதென்று முடிவெடுத்தது யார்? வாகனம் கிடைக்க எவ்வளவு நேரம் சென்றது? பதில்களை எழுதிக்கொண்டு, தாயின் மார்பில் பால் கட்டியிருக்கிறதா என்று பார்த்து, அதற்குச் செய்யவேண்டியதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். எழுதிய தாள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ச் சேரும்.